பத்து நிமிடம் தொடாவிட்டால்

ஜூன் 12, மாலை 5.10

அன்புள்ள அக்காவுக்கு,

பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் நாற்பத்தொரு பேர். கொடுத்த டேப்லெட்டை உறையிலிருந்து வெளியே எடுத்தவர்கள் ஆறு பேர். மீதி முப்பத்தைந்து பேரும் அதை மடியில் பலகைபோல வைத்து, மேலே விடைத்தாளைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி நேரம் மேடையில் நின்று கத்தினேன். என் தொண்டை கட்டியதைத் தவிர அந்த மண்டபத்தில் வேறெந்த மாற்றமும் நிகழவில்லை.

முதலில் நலமா என்று கேட்டிருக்க வேண்டும். நலமா? அப்பாவின் வலது கை எப்படி இருக்கிறது, டாக்டர் பயிற்சிக்குக் கொடுத்த பந்தை அமுக்குகிறாரா? அத்தானுக்கு இரவு ஷிஃப்ட் மாறியதா? நான் நலம், தொண்டை நீங்கலாக.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது என்று நீதான் இந்தக் கடித ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தாய். தபால் போய்ச் சேருவதற்குள் கோபம் பாதி ஆறிவிடும் என்றாய். எனக்கு ஆறவில்லை. எங்கள் நிறுவனம் கல்வித் துறைக்கு டேப்லெட், பெரிய திரை, அதில் ஓடும் பாடங்கள் எல்லாம் கொடுத்திருக்கிறது. ஆசிரியர்களை அதற்குப் பழக்குவது என் வேலை. நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசை வேதியியல் ஆசிரியர் எழுந்து, "தம்பி, இது கீழ விழுந்து உடைஞ்சா யார் சம்பளத்துல பிடிப்பீங்க?" என்றார். "விழாம பிடிங்க சார்" என்றேன். மண்டபமே சிரித்தது. அதற்கப்புறம் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசி வரிசையில் ஓர் அம்மையார், இதில் வருகை போட்டால் பழைய பதிவேட்டில் போட வேண்டாமா என்று கேட்டார். இரண்டிலும் போட வேண்டும் என்றேன். "அப்ப எங்களுக்கு வேலை குறையல, கூடியிருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

நீயும் ஆசிரியை என்பதால் கேட்கிறேன். ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுக்கிற உங்கள் கூட்டத்துக்குக் கற்றுக்கொள்வது என்றால் மட்டும் ஏன் இப்படி வேப்பங்காயாகக் கசக்கிறது? எருமை மாட்டின் மேல் மழை பெய்ததுபோல உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்பாவிடம் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


ஜூன் 21

முந்திரிக்கொட்டைக்கு,

பழத்துக்கு முன்னால் கொட்டை நீட்டிக்கொண்டு நிற்பதுபோல, நலம் கேட்பதற்கு முன்னால் நீ எண்ணிக்கை சொல்கிறாய். அப்பா வைத்த பெயர் வீண்போகவில்லை. எல்லோரும் சுகம். அப்பா காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும் முன் இருபது தடவை, மாலை வந்ததும் இருபது தடவை பந்தை அமுக்குகிறார். நடுநடுவே அதை என் தலையைப் பார்த்து எறிகிறார். குறி தப்பவில்லை, அதனால் கை தேறி வருகிறது என்று டாக்டரிடம் சொன்னேன். அத்தானுக்கு இன்னும் இரவு ஷிஃப்ட்தான்.

அந்த விடைத்தாள்களை மறுநாள் காலைக்குள் ஒப்படைக்கச் சொன்ன அலுவலகமும், உன்னை மேடை ஏற்றிய அலுவலகமும் ஒன்றுதான் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. நீ கேட்டிருக்க மாட்டாய்.

இன்னொன்று. மூன்று மணி நேரத்தில் நீ பேசியது எவ்வளவு, அவர்கள் தொட்டது எவ்வளவு? நீச்சல் சொல்லித் தருகிறேன் என்று கூப்பிட்டு, கரையில் நின்று தண்ணீரைப் பற்றி உரையாற்றிவிட்டு, ஒருத்தரும் நனையவில்லை என்று கோபப்படுகிறாயோ என்று சந்தேகம்.

எங்கள் பள்ளிக்கும் உங்கள் திரை ஜூலையில் வருகிறதாம். யார் முதலில் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று தலைமையாசிரியர் கேட்டபோது கணக்கு மிஸ் கையைத் தூக்கினாள். சிரிக்காதே. தம்பி செய்கிற வேலை என்னவென்று பார்க்க ஆசை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? தொண்டை சரியாகிவிட்டது. நீ கை தூக்கினாய் என்று படித்ததும் அலுவலகத்தில் நான்கு பேரிடம் சொன்னேன்.

இப்போது ஒரு நல்ல செய்தி. எங்கள் மேலாளரை நாங்கள் 'வட்டப்படம்' என்று அழைப்போம். எதைக் கேட்டாலும் வட்டம் போட்டு, கூறுபோட்டு, வண்ணம் அடித்துக் காட்டுவார். யார் உண்மையிலேயே வகுப்பில் பயன்படுத்துகிறார்கள், யார் அலமாரியில் பூட்டி வைக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். பத்துப் பேர் உட்கார்ந்திருந்த அறையில் நான் ஒருவன்தான் பதில் சொன்னேன்: "திரையில விரல் பட்டாத்தான் சார் பயன்பாடு. பத்து நிமிஷம் யாரும் தொடலன்னா அங்க ஆள் இல்லன்னு அர்த்தம்."

ஒரே மாலையில் எழுதி முடித்தேன். பத்து நிமிடம் தொடாவிட்டால் பாடம் தானாக மூடிக்கொள்ளும், 'முடிக்கப்படவில்லை' என்று பதிவாகும். கடைசிப் பக்கம்வரை போனால் அந்த ஆசிரியர் பச்சை. மூன்று வாரம் தொடர்ந்து முடிக்காவிட்டால் சிவப்பு. அறிக்கை நேராகத் துறைக்குப் போகும். ஒருவரும் ஏமாற்ற முடியாது. இனி மடியில் வைத்து விடைத்தாள் திருத்தட்டும், பார்க்கிறேன்.

சிவப்பு வந்தவர்களை என்ன செய்வார்கள் என்று வட்டப்படத்திடம் கேட்டேன். "அது துறையோட வேலைப்பா. நம்ம வேலை வண்ணம் அடிக்கறதோட சரி" என்றார். சம்பளத்தோடு ஒரு படியும் கூட்டிக் கொடுத்திருக்கிறார்.

அப்பா இனி எறிந்தால் நீயும் திருப்பி எறி. அதுவும் பயிற்சிதான்.

உன் தம்பி


ஆகஸ்ட் 3

என் தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். பந்தைத் திருப்பி எறிந்தேன். அப்பா இடது கையால் பிடித்துவிட்டு, அது கணக்கில் சேராது என்கிறார்.

உங்கள் திரை வந்துவிட்டது. நன்றாகவே இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், உன்னைக் குளிர்விக்க அல்ல. போன வியாழக்கிழமை ஒரு படம் போட்டேன். ஒருவர் வீட்டிலிருந்து நடந்து போய்த் திரும்புகிற வரைபடம். கோடு ஏறுகிறது, கொஞ்ச தூரம் படுத்துக்கிடக்கிறது, பிறகு இறங்குகிறது. படுத்துக்கிடக்கிற இடத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டேன். தூங்குகிறார் என்றான் ஒருவன். தரையில் நேராக நடக்கிறார், முதலில் ஏறியது மேடு என்றான் இன்னொருவன். பாதி வகுப்பு மேட்டுக்குக் கட்சி. நான் திரையை விட்டுப் பின் பெஞ்சுக்குப் போய் நின்றுகொண்டேன். சத்தம் தாங்காமல் பக்கத்து அறை ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

அப்போது கடைசி பெஞ்சில் ஒரு பெண். இரண்டு வருடமாக 'உள்ளேன்' தவிர எதுவும் சொல்லாதவள். உட்கார்ந்தபடியே, "மிஸ், அங்க நேரம் போகுது. ஆள் போகலை" என்றாள்.

வகுப்பு கப்பென்று அடங்கியது. திரும்பிப் பார்க்கிறேன், திரை இருண்டு கிடக்கிறது. ஓடிப்போய்த் திறந்தேன். முதல் பக்கம். 'பாடம் முடிக்கப்படவில்லை.' மறுபடி அந்தப் படத்துக்கு வந்தேன், மறுபடி பேசினோம், மறுபடி மூடிக்கொண்டது. அன்றைக்கு நான்கு தடவை.

இது உன் பத்து நிமிடம்தானே? பேச்சு நடக்கிறபோது அது கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வழி இல்லையா?

மழைக்கு முன் செருப்பு மாற்று. போன வருடம் வழுக்கி விழுந்தது நினைவிருக்கட்டும்.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்கா,

நலம். வேலை கழுத்தை நெரிக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

வழி இருக்கிறது. விரலை வை. ஒன்பது நிமிடத்துக்கு ஒரு தடவை திரையை ஒரு தட்டுத் தட்டு, அவ்வளவுதான். பேச்சு நடக்கிறதா, ஆள் டீ குடிக்கப் போனாரா என்று கருவிக்கு எப்படித் தெரியும்? உனக்காக விதியைத் தளர்த்தினால் தூங்குகிறவர்களும் அதே ஓட்டை வழியாக நுழைவார்கள். ஒரு படத்திலேயே முழு வகுப்பும் நின்றால் பாடம் எப்போது முடியும்? அந்தப் பாடத்தில் இன்னும் பதினேழு பக்கம் இருக்கிறது.

நீயும் அந்த முப்பத்தைந்து பேரில் ஒருத்தியாகிவிடாதே. துறையில் இந்த முறை கெடுபிடியாக இருக்கிறார்கள், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களை வெளியூருக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. நல்லதுதான். நான்கு பேரைத் தூக்கிப் போட்டால் நானூறு பேர் கற்றுக்கொள்வார்கள்.

தம்பி


செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். அப்பா வாசல் கேட்வரை எதையும் பிடிக்காமல் நடந்தார். திரும்பி வரும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஆறு மாதம் விடாமல் மாலைப் பயிற்சி செய்தால் எழுதக்கூட வரும் என்கிறார் டாக்டர்.

சிவப்பு வந்தவர்களின் வகுப்பை யாராவது நேரில் போய்ப் பார்க்கிறார்களா? சும்மாதான் கேட்டேன்.

பெரிய சூட்கேஸின் சாவி உன்னிடம் இருக்கிறதா? வீடெல்லாம் தேடிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம்தானே? பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, திட்டாதே. சாவி என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது, இதோடு வைத்திருக்கிறேன். எங்கே, குடும்பத்தோடு சுற்றுலாவா? அப்பாவை நீண்ட தூரம் பேருந்தில் கூட்டிப்போகாதே.

நேரில் போய்ப் பார்ப்பதா? இரண்டாயிரத்து நூறு ஆசிரியர்களை யார் நேரில் போய்ப் பார்ப்பது? பார்க்க ஆள் இல்லாததால்தானே கணக்கு வைத்திருக்கிறோம். எழுபது சதவீதம் பச்சை, அக்கா. வட்டப்படம் வட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். ஜனவரியில் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று ஆண்டுக்கு நீட்டிக்கப்போகிறார்களாம். அடுத்த மாதம் முதலிடம் வந்த பள்ளிக்குப் போய்ப் படம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். ஒரு ஆசிரியர்கூடச் சிவப்பு இல்லாத பள்ளி. போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன், நீயும் உன் தலைமையாசிரியரிடம் காட்டலாம்.

நீ ஏன் இப்போதெல்லாம் நாலு வரியோடு நிறுத்திக்கொள்கிறாய்? என் மேல் ஏதாவது கோபமா? இருந்தால் எழுது, தபாலில் ஆறட்டும்.

உன் தம்பி


நவம்பர் 2

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் எழுதி எனக்குப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நீ அனுப்பிய சாவி வந்தது. அதற்குள் பூட்டை உடைத்துத்தான் சூட்கேஸைத் திறந்தோம்.

உன் அக்காவுக்கு இனி இதன் பின்பக்கம் உள்ள பள்ளி முகவரிக்கு எழுதவும். இங்கிருந்து பேருந்தில் ஐந்தரை மணி நேரம். அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள், மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறாள். மாமாவுக்குக் காலைப் பயிற்சியை நான் செய்துவிடுகிறேன். மாலை நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரம். பக்கத்து வீட்டு அம்மா சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார். பந்தைத் தொடச் சொன்னால் மாமா அவர் பேச்சைக் கேட்பதில்லை. எறிவதும் இல்லை.

காரணத்தை உனக்கு எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதனால் நான் எழுதவில்லை. வண்ணத்தில் அச்சடித்த மாற்றல் உத்தரவை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். நடுவில் சிவப்பாக ஒரு வட்டம் இருக்கிறது.

நீ நலமாக இருப்பாய் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
அத்தான்


நவம்பர் 16

அக்கா,

அத்தானின் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. முதலிடம் வந்த பள்ளியில் இருந்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

கேமராவோடு போனோம். தலைமையாசிரியர் மாலையோடு நின்றார். மாலை வேண்டாம், வகுப்பைக் காட்டுங்கள் என்றேன். டீ என்றார், சிற்றுண்டி என்றார், ஆண்டுவிழா ஆல்பம் என்றார். நான் எழுந்து நடந்தேன். முதல் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். திரை மூடிக் கிடந்தது. இரண்டாவது, மூன்றாவது வகுப்பும் அப்படியே. ஆனால் என் போனில் அந்த நிமிடம் அந்தப் பள்ளியின் பதினான்கு பாடங்களும் பச்சையாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆய்வகத்துக்குள் போனேன். நீள மேசையில் பதினான்கு டேப்லெட்டும் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அலுவலக உதவியாளர் அம்மா ஒருவர், ஒரு கையில் பாதி ஆய்ந்த கீரையோடு, மறு கை விரலால் ஒவ்வொரு திரையையும் தொட்டுக்கொண்டே போனார். கடைசித் திரையைத் தொட்டதும் உட்கார்ந்து கீரையைத் தொடர்ந்தார். பக்கத்தில் சமையலறை மணிக்கடிகாரம். அது அடித்ததும் மறுபடி எழுந்தார்.

"என்னம்மா பண்றீங்க?" என்றேன்.

"பாடம் நடத்தறேன் தம்பி" என்றார். "ஒம்போது நிமிஷத்துக்கு ஒரு தரம் தள்ளணும். தூங்கிட்டா எல்லாருக்கும் சிவப்பாயிடுமாம். நீங்க யாரு, ரிப்பேருக்கு வந்தவரா?"

ஆமாம் என்றேன்.

தலைமையாசிரியர் பின்னால் மூச்சு வாங்க வந்து நின்றார். வெட்கமே இல்லை அக்கா அவருக்கு. "பசங்களுக்குப் பரீட்சை சார். பதினேழு பக்கம் தள்ளிக்கிட்டே யாரு பாடம் நடத்தறது? உங்களுக்குப் பச்சை வேணும், கொடுத்துட்டோம். எங்க வேலையை எங்களுக்கு விட்டுடுங்க" என்றார். கையில் இன்னும் மாலை வைத்திருந்தார்.

திரும்பி வந்தேன், அத்தானின் கடிதம் மேசையில் கிடந்தது. படித்ததும் மூலப் பதிவுகளை இறக்கினேன். வண்ணம் அடிப்பதற்கு முன்னால் இருக்கிற வெறும் பதிவுகள். சிவப்பு அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் நானூற்று முப்பத்தேழு பேருக்கு ஒரே மாதிரி நடந்திருக்கிறது: பாடம் தானாக மூடிக்கொள்கிறது, ஒரு நிமிடத்துக்குள் யாரோ திறந்து அதே பக்கத்துக்கு வருகிறார்கள், மறுபடி மூடுகிறது, மறுபடி திறக்கிறார்கள். ஆள் இல்லாத வகுப்பில் யார் இப்படி ஓடி ஓடித் திறப்பார்கள்? இது கண்ணெதிரே கிடந்தது. நான் பார்க்கவே இல்லை. ஜூலை 30, ஒரு வரைபடப் பக்கம், நான்கு தடவை. பெயர் இருக்கும் இடத்தை நான் திறக்கவில்லை. திறக்கத் தேவைப்படவில்லை.

வேலை செய்தவர்களைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறோம். கீரை ஆய்ந்தவர்களுக்கு மாலை போடக் கேமரா கொண்டுபோயிருக்கிறோம்.

வட்டப்படத்திடம் போய்க் கத்தினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "உங்க அக்காவா? முதல்லயே சொல்லியிருக்கலாமே. பட்டியல்ல ஒரு வரிசைதானே, பச்சையாக்கிட்டா மாற்றல் தானா ரத்தாயிடும். மத்ததை ஜனவரிக்கு அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஒரு வார்த்தை போதாதா? ஒரு விரல் வைத்திருந்தால் போதாதா? என்ன பிடிவாதம் இது? அப்பாவின் கையைவிட உனக்கு அந்த ஒரு தட்டு பெரிதாகிவிட்டதா?

அந்த வரிசையை மாற்ற எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சரி என்று ஒரு வரி எழுது, அடுத்த வாரம் நீ வீட்டில் இருப்பாய்.

தம்பி


நவம்பர் 24

தம்பிக்கு,

நான் சுகம். நலமா என்று நீ கேட்காததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

சொல்லவில்லை என்கிறாய். ஆகஸ்டில் எழுதினேன். 'விரலை வை' என்று பதில் போட்டாய். செப்டம்பரில் கேட்டேன். சாவி அனுப்பினாய். அதற்கு மேலும் சொல்ல எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. 'உங்க தம்பி கம்பெனிதானே மிஸ்?' என்று ஆசிரியர் அறையில் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டபோது நான் என்ன முகத்தோடு நின்றேன் என்று உனக்கு எந்தப் பதிவிலும் வராது.

விரல் வைத்திருக்கலாம். வைத்திருப்பேன், நான் திரை பக்கத்தில் நின்றிருந்தால். நான் பின் பெஞ்சில் நின்றதால்தான் அந்தப் பெண் வாய் திறந்தாள். பிடிவாதம் என்கிறாய். சரி, அதுவும் கொஞ்சம் உண்டு. நம் வீட்டில் அது உனக்கு மட்டும் வாய்த்த சொத்தா?

என் வகுப்பை இப்போது எடுக்கிறவர் பச்சை. அந்தப் பெண் மறுபடி 'உள்ளேன்' மட்டும் சொல்கிறாளாம். மூன்று மாதத்தில் அவர்களுக்குப் பொதுத்தேர்வு.

இங்கே அறைக்குப் போனால் மாலை ஆறு மணிக்கு என் கை தானாகப் பந்தைத் தேடுகிறது. வீட்டுக்குப் போக எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதே. ஆனால் நீ கேட்ட ஒரு வரி என்னிடம் இல்லை. அந்த நானூற்று முப்பத்தேழு பேரில் எனக்கு மட்டும்தான் தம்பி இருக்கிறான். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? என் பெயரை மட்டும் பச்சையாக்கினாய் என்று தெரிந்தால், கடிதமும் இல்லை, போனும் இல்லை.

கத்தியாயிற்று அல்லவா? இனி எதையாவது செய்.

அக்கா


டிசம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அறையில் குளிர் தாங்குகிறதா? அந்த ஊரில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இந்த மூன்றையும் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லி எழுதவைக்கவில்லை, நானாகவே கேட்கிறேன்.

நேற்றுமுதல் நம் வீட்டில் இருக்கிறேன். அப்பா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாலை ஆறு மணிக்குப் பந்தை எடுத்துக் கையில் வைத்தேன். நிதானமாகக் குறிபார்த்து நெற்றியில் அடித்தார். வலது கையால். அப்புறம் "முந்திரிக்கொட்டை" என்றார். இருபது தடவை அமுக்கினார்.

உன் வரிசையை நான் தொடவில்லை. வெறும் பதிவுகளை எடுத்து, யார் எத்தனை தடவை திறந்தார்கள், எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்று இரண்டு பக்கத்தில் எழுதி, முதலிடப் பள்ளியில் கண்டதையும் பள்ளியின் பெயர் இல்லாமல் சேர்த்து, விதியை எழுதியவன் நான்தான் என்று கையெழுத்துப் போட்டு, இன்று காலை துறையில் நேரில் கொடுத்தேன். வட்டப்படத்திடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் வட்டம் போட்டிருப்பார். அங்கிருந்த அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுபது சதவீதம்னு மேல சொல்லிட்டோமே தம்பி, இப்ப இறக்கினா எப்படி?" என்றார். வகுப்பில் என்ன நடந்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எண் இறங்குவதுதான் அவருக்கு வலிக்கிறது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இல்லாவிட்டால் அதைத் தூக்கியிருப்பேன். "முத்திரை போட்டு வாங்கிக்குங்க சார். முத்திரை விழற வரைக்கும் இங்கேயேதான் இருப்பேன்" என்றேன். மதியம் மூன்று மணிக்கு முத்திரை விழுந்தது.

வெளியே வந்தபோது வட்டப்படத்தின் அழைப்பு. நாளை வந்து விளக்கம் கொடு என்றார், வேலை இருக்குமா என்று நாளை தெரியும். உன் மாற்றல் ரத்தாகும் என்று நான் சொல்ல மாட்டேன். தெரியாததை இனிச் சொல்வதாக இல்லை.

உன் கோபம் இருக்கட்டும். தபாலில் ஆற வேண்டாம்.

உன் தம்பி

பி.கு. இனிச் செய்யப்போவது:

1. நாளை காலை அலுவலகம் போனதும், என்னை வெளியே அனுப்புவதற்கு முன், பத்து நிமிட விதியை எடுத்துவிடுவேன். எழுத ஒரு மாலை ஆனது, எடுக்க ஒரு வரி.

2. நானூற்று முப்பத்தேழு பேருக்கும் தனித்தனியாக எழுதுவேன். அவரவர் பதிவையும் கூட வைப்பேன். மேல்முறையீட்டுக்கு அது உதவும். உனக்கும் ஒன்று வரும், எல்லோருக்கும் வருகிற அதே உறையில்.

3. அந்த வேதியியல் ஆசிரியரைத் தேடிப் போய், உடைந்தால் யார் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று விசாரித்துச் சொல்வேன். ஆறு மாதமாக அது எனக்கே தெரியாது.

4. வேலை மிஞ்சினால், இனிப் பயிற்சி மண்டபத்தில் இல்லை, மேடையும் இல்லை. அவர்கள் வகுப்பில், அவர்கள் பாடத்தில், விடைத்தாள் கெடு இல்லாத வாரத்தில். மிஞ்சாவிட்டாலும் இதை யாராவது கேட்கும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன்.

5. நீ திரும்பும்வரை, வாரத்தில் முடிந்த மாலையெல்லாம் ஆறு மணிக்கு அப்பாவின் எதிரில் உட்காருவேன். நெற்றியைக் காட்டிக்கொண்டு.

6. வருகிற வியாழக்கிழமை ஐந்தரை மணி நேரம் பேருந்தில் வந்து, உன் புதிய வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காருவேன். போனை வெளியே வைத்துவிடுவேன். மணி அடிக்கும்வரை எதையும் தொட மாட்டேன்.